உகந்தது யாருக்கு?

சற்று நீண்ட பதிவு, பொறுமையுள்ளோர் வாசிக்கவும். கணிதத் துறை நண்பர்களோடும் கலைப்புல நண்பர்களோடும் ஒருசேர வழக்காட வேண்டியிருக்கிறது.

சென்ற வாரம், நான் ஆய்வு மேற்கொண்டிருக்கும் நகரிலுள்ள ஒரு கல்வி நிறுவனத்தில், தொழில்முறை விளையாட்டுத் தொடர்களின் பயணச் செலவைக் கணித உகப்பாக்கத்தின் வழியே குறைப்பது பற்றி ஓர் உரை கேட்டேன். உரையாளர் திறமையானவர், அதில் எனக்கு ஐயமில்லை. திரையில் இந்திய வரைபடம். அதன்மீது அணிகளின் பயணப் பாதைகள், சிக்குண்ட நூற்கண்டுபோல், சிவப்புக் கோடுகளாகக் கிடந்தன. ஒரு விசையை அழுத்தினார். கோடுகள் குறைந்து, நெறிப்பட்டு, பச்சையாயின. "இதுவே உகந்த அட்டவணை" என்றார். அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன், நல்ல கணக்கைக் கண்டால் தட்டத்தான் வேண்டும். பிறகு எழுந்து ஒரு சொல்லில் கேட்டேன்: "யாருக்கு?"

"அது சமூகவியல் கேள்வி. கணக்குக்கு அது தெரியாது" என்றார் அவர், புன்னகையோடு. அரங்கம் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு அன்று என்னிடம் விடை இல்லை. இன்று எழுதுகிறேன்.

முதுகலையில் நான் பயின்றது மொழியியல். ஆகவே இலக்கணத்திலிருந்தே தொடங்குகிறேன். 'உகந்தது' என்னும் சொல் தமிழில் தனித்து நிற்பதில்லை. 'இம்மண் நெல்லுக்கு உகந்தது', 'இவ்வுணவு நோயாளிக்கு உகந்தது' என நான்காம் வேற்றுமை உருபேற்ற ஒரு பெயரை அது வேண்டி நிற்கும். அப்பெயரைச் சொல்லாமல் விட்டால் வாக்கியம் பிழையாவதில்லை. ஆனால் அதன் இடம் காலியாகவே கிடக்கும், கேட்பவர் சூழலிலிருந்து அதை நிரப்பிக்கொள்வார். தொல்காப்பியத்தின் உரியியல் 'உகப்பு' என்பதற்கு உயர்தல் என்று பொருள் சொல்கிறது. பின்னாளில் வைணவ உரையாசிரியர்களிடம் அச்சொல் விருப்பத்தையும் மகிழ்ச்சியையும் குறித்தது. மகிழ்ச்சி என்றால் மகிழ்பவர் ஒருவர் வேண்டுமல்லவா? இக்கணிதத் துறைக்கு 'உகப்பாக்கம்' என்று பெயரிட்டவர்கள் அறிந்தோ அறியாமலோ மிகப் பொருத்தமான சொல்லைத் தேர்ந்தார்கள். 'யாருக்கு' என்ற கேள்வி அச்சொல்லின் உள்ளேயே இருக்கிறது. நான் அதைச் சமூகவியலிலிருந்து கடன் வாங்கி வரவில்லை.

இனி, கணக்கின் உள்ளேயும் அது இருக்கிறதா என்று பார்ப்போம்.

சிக்கலை அறியாதோர்க்கு ஓர் எடுத்துக்காட்டு. 2018-19ஆம் ஆண்டின் ஐ-லீக் கால்பந்துத் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். பதினொரு அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற ஒவ்வோர் அணியோடும் தன் ஊரில் ஒரு முறை, எதிரணியின் ஊரில் ஒரு முறை ஆட வேண்டும். மொத்தம் 110 ஆட்டங்கள். ஸ்ரீநகரில் ரியல் காஷ்மீர், ஐஸ்வாலில் ஐஸ்வால், இம்பாலில் நெரோகா, ஷில்லாங்கில் லாஜோங், கோவாவில் சர்ச்சில் பிரதர்ஸ், கொல்கத்தாவில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும், கோழிக்கோட்டில் கோகுலம் கேரளா. அவ்வாண்டு கோப்பையை வென்ற சென்னை சிட்டி அணிக்கு உள்ளூர்க் களம் கோயம்புத்தூர். ஐஸ்வால் அணி கோழிக்கோட்டுக்கு வந்து ஆடி ஊர் திரும்பி, பின்னொரு நாள் கோயம்புத்தூருக்கு வந்து ஆடித் திரும்பினால், நாட்டை நான்கு முறை கடக்க வேண்டும். இரண்டு ஆட்டங்களையும் அடுத்தடுத்து அமைத்தால் இரண்டு முறை போதும். இடையே பாலக்காட்டுக் கணவாய் வழியாக இருநூறு கிலோமீட்டருக்கும் குறைந்த பேருந்துப் பயணம் ஒன்றே மிகுதி. ஆனால் ஐஸ்வாலின் வசதிக்காகக் கோழிக்கோடு அணியை ஒரு வாரம் ஊரில் நிறுத்தினால், அவ்வாரம் அவ்வணி ஸ்ரீநகர் செல்லத் திட்டமிட்டிருந்தது குலையும். ஒரு முடிச்சை அவிழ்த்தால் வேறோரிடத்தில் இன்னொன்று இறுகும்.

இச்சிக்கலுக்கு 2001இல் கெல்லி ஈஸ்டன், ஜார்ஜ் நெம்ஹாசர், மைக்கேல் டிரிக் ஆகிய மூவரும் செம்மையான கணித வடிவம் கொடுத்தனர். டிராவலிங் டோர்னமெண்ட் பிராப்ளம் என்பது அதன் பெயர். பயணத்தொடர்ச் சிக்கல் என்று தமிழில் சொல்லலாம். ஊர்களுக்கிடையேயான தூரங்களின் பட்டியலைக் கொடு. எல்லா அணிகளும் பயணிக்கும் மொத்தத் தூரம் மிகக் குறைவாக வரும் அட்டவணையைக் கண்டுபிடி. கேட்க எளிது. ஆனால் பத்து அணிகள் கொண்ட ஒரு சோதனைக் கணக்குக்கு, 'இதைவிடச் சிறந்தது இல்லை' என்று மெய்ப்பிக்கப்பட்ட விடை கிடைக்கவே பல ஆண்டுகள் ஆயின. அணிகளின் எண்ணிக்கை கூடக் கூடக் கணக்கின் கடுமை கட்டுக்கடங்காமல் பெருகும் என்பதும் பின்னர் நிறுவப்பட்டது. இத்துறையினர் மீது எனக்குள்ள மதிப்பு பாசாங்கு அன்று. முப்பது அணிகளும் ஆண்டுக்கு 2,430 ஆட்டங்களும் கொண்ட அமெரிக்கப் பேஸ்பால் பெருந்தொடரின் அட்டவணையை 1980களின் தொடக்கம் முதல் 2004 வரை ஹென்றி, ஹாலி ஸ்டீபன்சன் என்னும் கணவன் மனைவி இருவரே அமைத்துவந்தனர். 2005 முதல் அப்பணி நெம்ஹாசரும் டிரிக்கும் இடம்பெற்ற குழுவின் கைக்கு வந்தது. பல்கலைக்கழகக் கரும்பலகையில் பிறந்த கணிதம் ஒன்று இவ்வளவு விரைவாகக் களத்துக்கு வருவது அரிது.

ஆனால் அந்த மூவர் கொடுத்த வடிவத்தை முழுவதும் வாசியுங்கள். தூரத்தைக் குறைக்கச் சொல்லும் வரியோடு இரண்டு கட்டுப்பாடுகளும் அதில் உள்ளன. எந்த அணியும் தொடர்ந்து மூன்று ஆட்டங்களுக்கு மேல் வெளியூரில் ஆடக் கூடாது, உள்ளூரிலும் அவ்வாறே. ஒரே இரண்டு அணிகள் ஊரை மட்டும் மாற்றிக்கொண்டு அடுத்தடுத்து மோதக் கூடாது. இந்த 'மூன்று' எங்கிருந்து வந்தது? தூரத்தை மட்டும் குறைப்பதே நோக்கமானால், ஓர் அணியை ஒரே மூச்சில் எல்லா ஊர்களுக்கும் அனுப்பிவிட்டு இறுதியில் வீடு சேர்ப்பதே சிக்கனம். அவ்வாறு அனுப்பக் கூடாது என்று ஒருவர் முடிவு செய்திருக்கிறார். நெடுநாள் வீடு திரும்பாத ஆட்டக்காரர் ஒருவரும், நெடுநாள் தம் அணியைக் காணாத உள்ளூர்ப் பார்வையாளர் ஒருவரும் அந்த எண்ணுக்குப் பின்னே நிற்கிறார்கள். ஆக, கணக்குக்கு மனிதரைத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். எந்த மனிதரை எந்த அளவுக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை எழுதுபவர் தீர்மானிக்கிறார். உரையாளரின் புன்னகைக்கு என் முதல் விடை இதுதான்.

இரண்டாவது விடை, 'மொத்தம்' என்ற சொல்லைப் பற்றியது. ஒரு கற்பனைக் கணக்கு: நான்கு அணிகள், இரண்டு அட்டவணைகள். முதலாவதில் அணிகள் முறையே 4, 4, 4, 12 ஆயிரம் கிலோமீட்டர் பயணிக்கின்றன; மொத்தம் 24. இரண்டாவதில் 6, 6, 6, 8, மொத்தம் 26. கணினி கணநேரமும் தயங்காமல் முதலாவதைத் தேர்ந்து, அதை உகந்தது என்று அறிவிக்கும். அந்த இரண்டாயிரம் கிலோமீட்டர் மிச்சத்துக்கு விலை கொடுத்தது நான்காவது அணி. அது எந்த அணியாக இருக்கும் என்று ஊகிக்க மேதைமை வேண்டாம். வரைபடத்தின் மூலையில் இருக்கும் அணி. அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள சியாட்டில் ஆண்டுதோறும் மிகுதியாக அலையும் அணிகளுள் ஒன்றாக இருப்பது இதனால்தான். ஐ-லீக்கில் கோயம்புத்தூர் அணி வடகிழக்கின் மூன்று ஊர்களையும் ஒரே சுற்றில் முடித்துத் திரும்பலாம். ஸ்ரீநகருக்குப் பக்கத்து வீடு என்று சொல்லத்தக்க அணியே இல்லை. புவியியல் செய்த அநீதியைக் கணிதம் தீர்க்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதைக் கூட்டிவிடக் கூடாது என்றுதான் கேட்கிறேன். 'மொத்தத்தைக் குறை' என்ற வரிக்குப் பதிலாக 'மிகுதியாக அலையும் அணியின் தூரத்தைக் குறை' என்று எழுதவும் இதே கணிதம் இடங்கொடுக்கிறது. கணக்கு சற்றுக் கடினமாகலாம். ஆனால் அதைக் கணிதமே அன்று என்று எவரும் சொல்ல முடியாது.

மூன்றாவது விடை, 'செலவு' என்ற சொல்லைப் பற்றியது. அமெரிக்கக் கூடைப்பந்துத் தொடரின் அட்டவணை குறித்து ஜேம்ஸ் பீனும் ஜான் பர்ஜும் 1980இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. பயணச் செலவையும் ஆட்டக்காரர் களைப்பையும் குறைத்தல் என்பது அதன் தலைப்பின் பொருள். அந்த 'உம்'களைப் பாருங்கள். எண்ணும்மை இரண்டு பொருள்களை ஒரே வரிசையில் நிறுத்தும். அவை தமக்குள் பகைத்துக்கொள்ளுமா என்று அது சொல்லாது. செலவும் களைப்பும் சில வேளைகளில் சேர்ந்து குறையும். பல வேளைகளில் ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். வெளியூர் ஆட்டங்களை நெருக்கி அடுக்கினால் விடுதிக் கட்டணம் குறையும், முழங்கால் தேயும். புரோ கபடித் தொடரில் எல்லா அணிகளும் ஓர் ஊரில் கூடிச் சில நாள் ஆடிவிட்டு அடுத்த ஊருக்குப் பெயரும் முறை நெடுங்காலம் இருந்தது. பயணம் வெகுவாக மிச்சம். ஆனால் தன் ஊர்ச் சுற்றில் உள்ளூர் அணி அடுத்தடுத்த இரவுகளில் களமிறங்க வேண்டியிருந்தது. இங்கே செலவு மறைந்துவிடவில்லை. கணக்கேட்டிலிருந்து உடலுக்கு இடம் மாறியது.

தூரப் பட்டியல் உடலை அறியாது என்பதற்கு இன்னொரு சான்று. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1992 முதல் 2011 வரையிலான 40,000க்கும் மேற்பட்ட பேஸ்பால் ஆட்டங்களை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட முடிவு: நேர மண்டலங்களைக் கடந்து கிழக்கு நோக்கிப் பயணித்தவர்களின் ஆட்டம், மேற்கு நோக்கிப் பயணித்தவர்களின் ஆட்டத்தைவிட மிகுதியாகப் பாதிக்கப்பட்டது. பட்டியலில் சியாட்டிலிலிருந்து நியூயார்க்கும் நியூயார்க்கிலிருந்து சியாட்டிலும் ஒரே எண். உடலுக்கு அவை இரண்டு. இந்தியாவுக்குக் கடிகாரம் ஒன்றே. ஆனால் இங்கே வாகனம் ஒன்றன்று. ஐஸ்வாலை அடுத்த சாய்ராங்குக்கு ரயில் வந்ததே 2025 செப்டம்பரில்தான். ஸ்ரீநகர் விமான நிலையம் பனிக்காலத்தில் எந்த நாளும் மூடப்படலாம். இங்கே ஆயிரம் கிலோமீட்டர் என்பது ஒருவருக்கு இரண்டு மணி நேரம், இன்னொருவருக்கு இரண்டு இரவுகள்.

இரண்டு இரவுகள் என்பதை நான் புத்தகத்தில் படித்து எழுதவில்லை. இளங்கலையில் எங்கள் கல்லூரியின் பெண்கள் கைப்பந்து அணியில் இருந்தேன். ஒரு முறை வேறொரு மாநிலத்தில் போட்டி. ஆடவர் அணிக்கு முன்பதிவு உறுதியாயிற்று. எங்களுக்குக் காத்திருப்போர் பட்டியல். பன்னிரண்டு பேரும் பயிற்சியாளர் அக்காவும் கழிப்பறையை ஒட்டிய நடைபாதையில், பைகளின்மேல் பைகளாக, இரண்டு இரவுகள் அமர்ந்து சென்றோம். விடியற்காலை நான்கு மணிக்கு இறங்கினோம். எட்டு மணிக்கு ஆட்டம். முதல் சுற்றிலேயே நேர் செட்களில் தோற்றோம். அணியில் மிகச் சிறந்த தாக்குநர் அன்று குதித்து இறங்கும்போது கணுக்கால் பிசகி, அதன்பிறகு ஆடவே இல்லை. அவ்வாண்டின் கல்லூரி ஆண்டறிக்கையில் உடற்கல்வித் துறை பற்றி ஒரு வரி இருந்தது: 'பயணச் செலவு கணிசமாகக் குறைக்கப்பட்டது.' செயப்பாட்டு வினை. குறைத்தவர் யாரென்று அதில் இல்லை. யாருக்குக் குறைந்தது, யார்மேல் ஏறியது என்பதும் இல்லை. மொழியியல் படிக்கச் சென்றதற்கு நான் பலரிடம் பல காரணங்கள் சொல்லியிருக்கிறேன். அவ்வரியும் ஒரு காரணம்.

இதைச் சொந்தக் கதை என்று ஒதுக்குவோர் தேசிய அளவுக்கு வாருங்கள். 2019 மே மாதம் இந்திய மகளிர் கால்பந்துத் தொடரை மதுரையின் சேது அணி வென்றது. எங்கே? லூதியானாவில். தொடர் முழுவதும் அங்கேயே நடந்தது. தம் ஊர்ப் பெண்கள் இந்தியாவின் வாகையராவதை மதுரையில் எவரும் களத்தோரம் நின்று காணவில்லை. 2016-17இல் தொடங்கிய அத்தொடர், ஊருக்கு ஊர் ஆடும் முறைக்கு மாறியது 2023-24இல், ஏழு அணிகளோடு. அதுவரை ஆண்டுக்கோர் ஊரில் அனைவரையும் கூட்டி ஆடவைப்பதே வழக்கம்: புவனேசுவரம், அகமதாபாத் என்று. பயணத்தொடர்ச் சிக்கலின் மொழியில் சொன்னால் இதைவிட உகந்த அட்டவணை இருக்க முடியாது. எல்லாரும் ஒரு முறை வருகிறார்கள், ஒரு முறை போகிறார்கள். ஒருவருக்கும் உள்ளூர் இல்லை.

நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பணமில்லாத தொடருக்கு ஓரிட ஏற்பாடு உயிர்காக்கும் ஏற்பாடாக இருக்கலாம். அச்சிக்கனம் இல்லாவிட்டால் அத்தொடரே நடந்திராது என்று ஒருவர் வாதிட்டால் என்னால் எளிதில் மறுக்க இயலாது. ஆனால் பணமின்மையே காரணம் என்றால், பணமிருந்த இடத்தில் என்ன நடந்தது? 2023 ஜனவரியில் மகளிர் பிரீமியர் லீக் கிரிக்கெட்டின் ஐந்து அணிகள் 4,669.99 கோடி ரூபாய்க்கு ஏலம் போயின. ஐந்தாண்டு ஒளிபரப்பு உரிமை 951 கோடி. மார்ச்சில் நடந்த முதல் தொடரின் 22 ஆட்டங்களும் மும்பையிலும் நவி மும்பையிலுமாக இரண்டே களங்களில் முடிந்தன. பெங்களூரின் பெயர் தாங்கிய அணி பெங்களூரில் ஆடவில்லை; டெல்லியின் அணி டெல்லியில் ஆடவில்லை. ஏலத்துக்கும் தொடக்கத்துக்கும் இடையே ஆறு வாரம்கூட இல்லை என்பது ஏற்கத்தக்க விளக்கம். 2024இல் பெங்களூரு, டெல்லி என்னும் இரண்டே ஊர்களில் தொடர் நடந்ததற்கு அவ்விளக்கம் போதாது. ஆடவர் ஐபிஎல் 2008இல் முதல் ஆண்டிலேயே ஊருக்கு ஊர் ஆடியது. அங்கே பயணம் முதலீடு. இங்கே பயணம் செலவு. இந்த வேறுபாட்டை எந்தச் சமன்பாடும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. சமன்பாடு எழுதப்படுவதற்கு முன்பே அது முடிவாகிவிட்டது.

ஆட்டக்காரர்களோடு இது முடிவதுமில்லை. 2016 ஏப்ரலில் மகாராட்டிரம் வறட்சியில் வாடியபோது, அம்மாதம் 30ஆம் நாளுக்குப் பிந்தைய ஐபிஎல் ஆட்டங்களை மாநிலத்துக்கு வெளியே மாற்றும்படி மும்பை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆடுகளங்களுக்கு ஊற்றப்படும் தண்ணீரே வழக்கின் பொருள். அட்டவணைக் கணக்கில் தண்ணீருக்கு ஒரு மாறிலிகூட ஒதுக்கப்பட்டிருக்காது. அதை நீதிமன்றம் வெளியிலிருந்து ஒரு கட்டுப்பாடாகச் சேர்த்தது. கணக்குக்குத் தெரியாதது என்று நாம் ஒதுக்கும் யாவும் இவ்வாறு ஒருநாள் வாசலுக்கு வந்து நிற்கும்.

இதுவரை வாசித்துத் தலையசைத்துக்கொண்டிருக்கும் கலைப்புல நண்பர்களே, இனி உங்கள் முறை.

இத்தகைய உரைகள் முடிந்ததும் தேநீர் மேசையில் நாம் பேசுவது எனக்குத் தெரியும். 'கணிதம் முதலாளியத்தின் கருவி', 'எண்ணாக்கம் என்பதே வன்முறை' என்று சொல்லிவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்துவிடுவோம். அவ்வாறு சொல்வதால் அட்டவணையில் ஒரு தேதிகூட மாறியதில்லை. உகப்பாக்கம் இல்லாத உலகில் நீதி தழைத்தது என்பதற்கும் சான்றில்லை. எங்களைக் கழிப்பறையோரம் அமர்த்தியது கணினி அன்று. தாளும் பேனாவும் வைத்திருந்த ஓர் அலுவலகம். கையால் எழுதிய அட்டவணையில் பாகுபாடு எங்கே இருக்கிறதென்று தேட வேண்டும். கணிதமாக எழுதிய அட்டவணையில் அது ஒரு வரியாக, விரல் வைத்துக் காட்டத்தக்க இடத்தில் இருக்கும். வெளியிடப்பட்டால் மட்டும். அந்த 'ஆல்' விகுதிக்காகத்தான் நாம் போராட வேண்டும். போராட அவ்வரியை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். யாப்பிலக்கணம் கற்காமல் வெண்பாவில் பிழை காண முடியாது. குறிக்கோள் சார்பு என்றால் என்னவென்று அறியாமல் அதன் அரசியலைப் பேச முடியாது.

வாசித்து எழுதியவர்கள் என்ன செய்ய முடியும் என்பதற்குத் தென் அமெரிக்கா சான்று. சிலி வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் நாடு. கில்லெர்மோ துரானும் அவர்தம் குழுவினரும் 2005 முதல் அந்நாட்டுக் கால்பந்துத் தொடருக்கு முழு எண் திட்டமிடல் வழியே அட்டவணை அமைத்தபோது, அந்நிலவியலையும் சுற்றுலா ஊர்களில் எக்காலத்தில் ஆட்டம் நடப்பது நலம் என்பதையும் கட்டுப்பாடுகளாகவே எழுதினர். அர்ஜென்டினாவின் கைப்பந்துத் தொடரில் அருகருகே உள்ள அணிகளை இணைகளாக்கினர்; ஓர் இணை இன்னோர் இணையின் ஊர்களுக்குச் சென்று, வியாழனன்று ஓர் அணியோடும் சனியன்று மற்றதோடும் ஆடும். கோழிக்கோட்டையும் கோயம்புத்தூரையும் இணையாக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மேலே சொன்ன ஐஸ்வால் பயணத்தை மீண்டும் நினைத்துப் பாருங்கள். உள்ளூர் ஆட்டம் பறிபோகாமலே பயணம் குறைகிறது. செலவுக்கும் மாண்புக்கும் இடையே ஒன்றைத்தான் தேர்ந்தாக வேண்டும் என்பது பல நேரங்களில் சோம்பலின் வாதம். சரியாகக் கேட்டால் கணிதம் இரண்டையும் ஓரளவு தரும்.

ஆகவே என் கோரிக்கைகள் மூன்று.

முதலாவது, தொடர் நடத்துவோரிடம். அட்டவணையை வெளியிடும்போது எதைக் குறைக்க முயன்றீர்கள், எவற்றைக் கட்டுப்பாடாக வைத்தீர்கள் என்பதையும் வெளியிடுங்கள். ஒவ்வோர் அணியும் பயணிக்கும் தூரம், நேரம், வாகனம் ஆகியவற்றை அணிவாரியாகத் தாருங்கள். நிரலைக் கேட்கவில்லை, ஒரு பக்கத் தாள் போதும்.

இரண்டாவது, கணிதத் துறை ஆய்வாளர்களிடம். இனி உங்கள் கட்டுரைகளில் மொத்தத் தூரத்துக்குப் பக்கத்தில், மிகுதியாக அலைந்த அணியின் தூரத்தையும் அச்சிடுங்கள். ஒரு பத்தி கூடுதலாகும், அவ்வளவே. அமெரிக்கப் பேஸ்பால் ஊர்களின் தூரப் பட்டியலை வைத்துக் கால் நூற்றாண்டாகச் சோதித்துவிட்டோம். இந்திய மகளிர் கால்பந்தின் ஊர்களையும், பல்கலைக்கழகங்களுக்கிடையேயான போட்டிகளின் ஊர்களையும், ரயில் கால அட்டவணையோடு சேர்த்து ஒரு சோதனைக் கணக்காக ஆக்குங்கள். தூரத்தின் இடத்தில் பயண நேரத்தை வையுங்கள். 'இறங்கிய பின் பன்னிரண்டு மணி நேரம் கழியாமல் ஆட்டம் இல்லை' என்று ஒரு கட்டுப்பாடு சேருங்கள். மூன்று என்று எழுதத் தெரிந்த கைக்குப் பன்னிரண்டு என்று எழுதுவது கடினமன்று.

மூன்றாவது, என் போன்றோரிடம். அந்தக் கட்டுப்பாடுகளை யார் சொல்வார்கள் என்று காத்திராமல், ஆட்டக்காரர்களிடம் கேட்டு எழுதிக் கொண்டுவருவோம். அது நமக்குத் தெரிந்த வேலை. நேர்காணல் எடுப்பதும், சொல்லப்பட்டதில் சொல்லாமல் விடப்பட்டதைக் கேட்பதும் நம் பயிற்சி.

இறுதியாக, அன்று மேடையில் இருந்த உரையாளருக்கு. இப்பதிவு உங்கள் கண்ணில் படும் என்று நம்புகிறேன். உங்கள் கணக்கு அழகாக இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. தென்மண்டலப் பல்கலைக்கழகப் பெண்கள் கைப்பந்து அணிகள் வந்துசேரும் ஊர்களின் பட்டியலையும், ரயில்கள் சென்றுசேரும் நேரங்களையும் தொகுக்கத் தொடங்கியிருக்கிறேன். நிரல் உங்களிடம் இருக்கிறது. அடுத்த முறை விசையை அழுத்திக் கோடுகள் பச்சையாகும்போது, 'இவர்களுக்கு உகந்தது' என்று நீங்கள் சொல்லலாம். அன்று யாரும் சிரிக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

மாற்றுக் கருத்துகளைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். 'கணக்குக்கு அது தெரியாது' என்பதை மட்டும் மீண்டும் எழுத வேண்டாம்.